சீட்டாடிய கையில் வெடிமருந்தா? தடயத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, அது எங்கே தவறும்?

1974 நவம்பர் 21. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம். இரவு எட்டு மணியை நெருங்கும் நேரத்தில் ஐந்து பேர் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினார்கள். வட அயர்லாந்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டும். ஹீஷம் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து கப்பல். நீண்ட பயணம் என்பதால் ரயிலில் சீட்டுக்கட்டைப் பிரித்து ஆட உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள் கிளம்பிய சிறிது நேரத்தில் பர்மிங்ஹாமின் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்தது. 21 பேர் இறந்தார்கள். 182 பேர் காயமடைந்தார்கள்.

ஹீஷமில் போலீஸ் அந்த ஐந்து பேரையும் நிறுத்தியது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது ஐஆர்ஏ இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரின் இறுதிச் சடங்குக்கு. சந்தேகம் வர அது போதுமானதாக இருந்தது. பக்கத்தில் உள்ள மோர்கம் காவல் நிலையத்துக்கு அரசுத் தடயவியல் நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஐந்து பேரின் கைகளையும் துடைத்து எடுத்த மாதிரியில் சில சொட்டு ரசாயனம் விட்டுப் பார்த்தார். பேடி ஹில், பில்லி பவர் இருவரின் கை மாதிரிகள் மட்டும் இளஞ்சிவப்பாக மாறின.

இருவரும் வெடிமருந்தைக் கையாண்டது 99 சதவீதம் உறுதி என்று அந்த நிபுணர் நீதிமன்றத்தில் சொன்னார். 1975 ஆகஸ்டில், ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்த ஆறாவது நண்பரையும் சேர்த்து ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை. 'பர்மிங்ஹாம் சிக்ஸ்' என்று உலகம் அவர்களை அழைத்தது. 1991 மார்ச் 14 அன்று தீர்ப்பு ரத்தாகி வெளியே வந்தபோது அவர்கள் சிறையில் 16 ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள்.

ஒரு குண்டு வெடித்தால், "வெடிமருந்துத் தடயம் சிக்கியது" என்று மறுநாளே செய்தி வருகிறது. அந்தத் தடயத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அந்த இளஞ்சிவப்பு நிறம் எதைச் சொன்னது?

மோர்கமில் செய்தது 'கிரீஸ் சோதனை'. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் பெயர் அது. இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். 19-ம் நூற்றாண்டில் அவர் கண்டுபிடித்த வினை இன்றும் தண்ணீரில் நைட்ரைட் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுகிறது.

ஜெலட்டின் குச்சி போன்ற வெடிபொருள்களில் இருக்கும் முக்கியச் சரக்கு நைட்ரோகிளிசரின். அதன் மேல் காஸ்டிக் சோடா கரைசல் பட்டால் உடைந்து நைட்ரைட் வெளியே வரும். அதில் கிரீஸ் கரைசலை விட்டால் சில நொடிகளில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். செலவு குறைவு, நேரமும் குறைவு. காவல் நிலைய மேஜையிலேயே செய்துவிடலாம்.

சிக்கல் என்னன்னா, அந்தச் சோதனை நைட்ரோகிளிசரினைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது நைட்ரைட்டை மட்டும்தான். நைட்ரைட்டைத் தரக்கூடிய வேறு பொருள் கையில் ஒட்டியிருந்தாலும் அதே நிறம் வரும். அப்படிப்பட்ட ஒரு பொருள் நைட்ரோசெல்லுலோஸ். மரச்சாமான் பாலிஷ், நெயில் பாலிஷ், வழவழப்பான அட்டைகளின் மேல்பூச்சு என்று அன்றாட வாழ்க்கையில் பல இடங்களில் அது இருக்கிறது. சீட்டுக்கட்டின் பளபளப்பிலும் அது இருந்தது.

1985-ல் பிரிட்டனின் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை எல்லோருக்கும் செய்து காட்டியது. பழைய சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட கையிலும் அந்தச் சோதனை 'பாசிட்டிவ்' காட்டியது. வெடிமருந்தின் பக்கமே போகாத கை அது.

இதைவிட வேதனையான விஷயம், வழக்கு நடந்தபோதே மறுப்பும் இருந்தது என்பதுதான். வெடிபொருள் துறையின் முன்னாள் தலைமை ஆய்வாளர் ஒருவர் எதிர்த்தரப்பு சாட்சியாக வந்து அந்த முடிவை ஏற்க முடியாது என்றார். பிறகு ஆய்வகத்தில் செய்த நுட்பமான சோதனையில் பவரின் மாதிரியில் எதுவும் கிடைக்கவில்லை. ஹில்லின் மாதிரியிலும் முதல் முடிவோடு முரண்பாடு வந்தது. ஆனாலும் நீதிமன்றம் 99 சதவீதத்தைத்தான் நம்பியது. ஆறு பேரில் நான்கு பேர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடித்து வாங்கியது என்று அவர்கள் கதறியது எடுபடவில்லை.

ரேபிட் டெஸ்ட் வேற, ஆர்டிபிசிஆர் வேற

கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன வித்தியாசம் இது. ரேபிட் டெஸ்ட் உடனே முடிவு சொல்லும், ஆனால் தவறலாம். ஆர்டிபிசிஆர் தாமதமாகும், ஆனால் நம்பகம் அதிகம். வெடிமருந்து விஷயத்திலும் இதே இரண்டு படிகள்தான்.

முதல் படி வடிகட்டல். "இங்கே ஏதோ இருக்கலாம், இன்னும் நல்லா பாருங்க" என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. நிறம் மாறும் சோதனைகள், விமான நிலையக் கருவிகள், மோப்ப நாய் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது படி உறுதிப்படுத்தல். "இருப்பது இன்ன மூலக்கூறுதான்" என்று சொல்வது. அதற்கு ஆய்வகம் வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குறைந்தது இரண்டு முறைகளில் ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பது நல்ல ஆய்வகங்களின் வழக்கம்.

பர்மிங்ஹாமில் நடந்தது, முதல் படியின் விடையை இரண்டாவது படியின் விடையாக நீதிமன்றத்தில் வைத்தது.

விமான நிலையத்தில் கையைத் துடைப்பது எதற்கு?

செக்யூரிட்டியில் சில சமயம் லேப்டாப், பை, கை என்று ஒரு சின்னத் துணிப்பட்டையால் தடவி இயந்திரத்தில் செருகுவார்களே, அதுவும் முதல் படிதான். பெரும்பாலும் அதற்குள் இருப்பது அயனி நகர்வு முறையில் வேலை செய்யும் கருவி.

பட்டையில் ஒட்டியது சூடாக்கப்பட்டு ஆவியாகிறது. அந்த மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, காற்று நிரம்பிய ஒரு குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். சின்ன மூலக்கூறு சீக்கிரம் போய்ச் சேரும், பருத்தது மெதுவாகப் போகும். டிஎன்டிக்கு இவ்வளவு நேரம், ஆர்டிஎக்ஸுக்கு இவ்வளவு நேரம் என்று கருவிக்கு முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். நேரம் பொருந்தினால் அலாரம்.

சில நானோகிராம் இருந்தாலே இது பிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் நானோகிராம். வெடிமருந்தைத் தொட்டவர் கை கழுவினாலும் பை, ஜிப், சட்டைப் பொத்தான் என்று எங்காவது அந்த அளவு தங்கிவிடும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை.

ஆனால் வேறு ஒரு மூலக்கூறும் அதே நேரத்துக்கு ஓடி முடித்தால் அப்போதும் அலாரம் அடிக்கும். சில கை கிரீம்கள், உரம் பட்ட காலணி என்று அப்பாவிக் காரணங்கள் நிறைய. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையோ வெடிமருந்தில் இருக்கும் அதே மூலக்கூறுதான். அங்கே கருவி தவறவில்லை, சரியாகவே சொல்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் குற்றவாளி இல்லை. அதனால்தான் அலாரம் அடித்ததும் கைது செய்வதில்லை. பையைத் திறந்து பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், மறுபடி சோதிக்கிறார்கள்.

நாய்க்கு ஏன் இன்னும் வேலை இருக்கு?

ஒரு பெரிய ரயில் நிலையத்தில் ஒவ்வொரு பையையும் துணிப்பட்டையால் தடவ முடியாது. நாய் நடந்துகொண்டே முகரும். வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போய் மூலத்தையே காட்டும். இந்த வேலையில் அதற்கு இணையான கருவி இன்னும் வரவில்லை.

ஆர்டிஎக்ஸ், பிஇடிஎன் போன்றவை அடங்கிய பிளாஸ்டிக் வெடிமருந்துகளுக்கு ஆவி மிகக் குறைவு என்பதால் முகர்ந்து பிடிப்பது கஷ்டம். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறிய பான் ஆம் விமானத்தில் 259 பேரும், கீழே ஊரில் 11 பேரும் இறந்தார்கள். ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள் வைத்திருந்த செம்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வெடிமருந்துதான் காரணம் என்று தெரியவந்தது.

இதையொட்டி 1991-ல் மான்ட்ரியலில் ஒரு சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தானது. பிளாஸ்டிக் வெடிமருந்து தயாரிக்கும்போதே, எளிதில் ஆவியாகும் ஒரு அடையாளப் பொருளைக் கலக்க வேண்டும் என்பது விதி. சமையல் கேஸுக்கு வாசனை சேர்ப்பது மாதிரிதான் இதுவும்.

நைட்ரஜனே இல்லாத வெடிபொருள்களும் உண்டு. பெராக்சைடு வகையைச் சேர்ந்த டிஏடிபி அப்படிப்பட்டது. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவர் காலணிக்குள் மறைத்து வந்த குண்டில் அது இருந்தது. நைட்ரஜனை மட்டும் தேடும் சோதனையில் இது சிக்காது. பொய்யான 'பாசிட்டிவ்' போலவே பொய்யான 'நெகட்டிவ்' என்ற ஆபத்தும் இருக்கிறது.

வெடித்த பிறகு என்ன மிச்சம் இருக்கும்?

குண்டு வெடித்தால் வெடிமருந்து முழுவதும் எரிந்துவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மிகச் சிறிய பங்கு எரியாமல் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் பொருள்கள் மேல் படியும். நிபுணர்கள் தேடுவது அதைத்தான்.

முதலில் வெடிப்பின் மையத்தைத் தேடுவார்கள். பள்ளம், வளைந்த உலோகம், எந்தப் பக்கம் சிதறியிருக்கிறது என்பதெல்லாம் அதைக் காட்டும். பிறகு மையத்துக்கு அருகில் இருக்கும் துண்டுகள் காற்றுப் புகாத டப்பாக்களில் போகும். பெரிய பரப்பாக இருந்தால் பஞ்சால் துடைத்து எடுப்பார்கள். ஆர்டிஎக்ஸ் போன்றவை அசிட்டோனில் கரையும், அமோனியம் நைட்ரேட் போன்ற உப்புகள் தண்ணீரில் கரையும். அதனால் இரண்டு விதமாகவும் மாதிரி எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் அடுத்த கட்டம். குரோமடோகிராபி என்ற முறை கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும். பிரிந்து வரும் ஒவ்வொன்றையும் நிறமாலைமானி உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்க்கும். ஒரு மூலக்கூறு உடையும் விதம் கிட்டத்தட்ட அதன் கைரேகை மாதிரி. சூட்டில் சிதையும் ஆர்டிஎக்ஸ் போன்றவற்றுக்கு வாயுவுக்குப் பதில் திரவத்தில் பிரிக்கும் கருவி. உப்புகளுக்கு அயனி குரோமடோகிராபி.

இவ்வளவு நவீனக் கருவிகளுக்கு நடுவே ரொம்ப சாதாரணமான ஒரு விஷயத்துக்கும் பெரிய மதிப்பு உண்டு. அதுதான் 'கன்ட்ரோல்' மாதிரி. வேலையைத் தொடங்குவதற்கு முன் நிபுணர் தன் கையுறை, பஞ்சு, டப்பா எல்லாவற்றையும் துடைத்து ஒரு மாதிரி எடுத்து வைக்க வேண்டும். பின்னால் சந்தேக நபரின் கையில் ஏதாவது கிடைத்தால், அது நிபுணரின் கையுறையிலிருந்து வரவில்லை என்று காட்ட அது ஒன்றுதான் வழி.

'இருக்கு' சரி, எப்படி வந்தது?

உறுதிப்படுத்தல் சோதனையும் முடிந்து, இருப்பது ஆர்டிஎக்ஸ்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை அங்கே முடிவதில்லை.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் கடலுக்கு மேலே வெடித்து 230 பேர் இறந்தார்கள். சிதைவுகளில் ஆர்டிஎக்ஸ், பிஇடிஎன் தடயங்கள் கிடைத்தன. பயங்கரவாதச் செயல் என்ற பேச்சு வலுத்தது. பிறகுதான் தெரிந்தது, விபத்துக்கு ஐந்து வாரம் முன்பு அதே விமானத்தில் மோப்ப நாய்ப் பயிற்சி நடந்ததாகப் பதிவு இருந்தது. பயிற்சிக்கு வைத்தவை உண்மையான வெடிமருந்துகள். வளைகுடாப் போரின்போது ராணுவத்தினரை ஏற்றிச் சென்றதும் அதே விமானம்தான். தடயம் எங்கிருந்து வந்தது என்று அறுதியிட முடியவில்லை. ஆனால் உலோகத்தில் குண்டு வெடித்ததற்கான காயமே இல்லை. எரிபொருள் தொட்டியில் சேர்ந்த ஆவி தீப்பிடித்ததுதான் காரணம் என்று நான்கு ஆண்டு விசாரணைக்குப் பிறகு 2000-ல் முடிவானது.

பர்மிங்ஹாம் வழக்கு நடந்த அதே காலத்தில் லண்டனில் ஆனி மகுவயர் என்ற பெண்ணும் அவர் குடும்பத்தினர், நண்பர்கள் என மொத்தம் ஏழு பேரும் கைதானார்கள். வீட்டில் ஒரு பொட்டு வெடிமருந்துகூடக் கிடைக்கவில்லை. ஆதாரம், கைகளிலும் கையுறையிலும் கிடைத்ததாகச் சொன்ன நைட்ரோகிளிசரின் தடயம் மட்டுமே. 1976-ல் ஏழு பேருக்கும் சிறை. அவர்களில் மிகவும் இளையவனுக்கு வயது 14. ஒருவர் 1980-ல் கைதியாகவே இறந்துபோனார். 1991-ல் தீர்ப்பு ரத்தானது. பொதுவான துண்டு போன்ற ஒன்றின் வழியாக அறியாமலே தடயம் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

ஆய்வகமே அழுக்காக இருந்த கதையும் உண்டு. 1996-ல் பிரிட்டன் அரசின் வெடிபொருள் தடயவியல் ஆய்வகத்தில், மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு இயந்திரத்தில் ஆர்டிஎக்ஸ் படிந்திருந்தது தெரியவந்தது. அந்த இயந்திரம் பயன்பட்ட வழக்குகளை எல்லாம் திரும்பப் பார்க்க ஒரு பேராசிரியர் தலைமையில் விசாரணை வைக்க வேண்டியதாயிற்று.

மனசு செய்யும் தவறு இன்னொரு வகை. 1995-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பில், எஃப்பிஐ ஆய்வக நிபுணர் ஒருவர் வெடிமருந்து இன்னதுதான் என்று அறிக்கை எழுதினார். அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 1997-ல் வெளியிட்ட அறிக்கை அதைக் கடுமையாக விமர்சித்தது. சிதைவில் கிடைத்த ஆதாரத்தை வைத்து அல்ல, சந்தேக நபர்கள் என்ன வாங்கியிருந்தார்கள் என்பதை வைத்து அந்த முடிவுக்கு வந்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மற்ற சாட்சியங்கள் பலமாக இருந்ததால் அந்த வழக்கின் தீர்ப்பு மாறவில்லை. எல்லா வழக்கிலும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

நம்ம ஊரில் எப்படி?

இந்தியாவில் இந்த வேலை தொடங்கியதே சென்னையில்தான். நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் மெட்ராஸில் அமைந்தது. அப்போது பெரும்பாலும் விஷ வழக்குகள்தான் அங்கே வந்தன.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் பி.சந்திரசேகரன். குண்டு எங்கே இருந்தது, யார் வைத்தது என்ற கேள்விக்கு ரசாயனம் மட்டும் பதில் சொல்லவில்லை. சிதறிய துணித் துண்டுகள், உடல்களில் காயம் எந்தப் பக்கம் இருந்தது, இறந்துபோன புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான், ஒரு பெண் தன் உடலில் கட்டி வந்த குண்டு அது என்று தெரிந்தது. வெடிமருந்து ஆர்டிஎக்ஸ் என்பது அந்தப் படத்தின் ஒரு பகுதி மட்டுமே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாதிரி சேகரிப்பதை வீடியோ எடுக்கவும் வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. அரசு ஆய்வக அறிக்கையை, நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக ஏற்க நம் சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றம் நினைத்தால் அவரை அழைத்து விசாரிக்கலாம். அழைக்காவிட்டால், "எந்தச் சோதனை செய்தீங்க, கன்ட்ரோல் மாதிரி எங்கே?" என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடக்கூடும்.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

"வெடிமருந்துத் தடயம் சிக்கியது" என்று அடுத்த முறை போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஐந்து கேள்விகள்:

• நடந்தது முதற்கட்ட வடிகட்டலா, ஆய்வக உறுதிப்படுத்தலா?

• எந்த மூலக்கூறு என்று பெயர் சொல்கிறார்களா, அல்லது 'நைட்ரேட்' என்று பொதுவாகச் சொல்கிறார்களா? நைட்ரேட் உரத்திலும் இருக்கும், பட்டாசிலும் இருக்கும்.

• இரண்டாவது முறையிலும் அதே விடை வந்ததா?

• கன்ட்ரோல் மாதிரி எடுத்தார்களா? அது சுத்தமாக இருந்ததா?

• வேறு வழியில் அந்தத் தடயம் ஒட்டியிருக்க வாய்ப்பு இருக்கிறதா?

பர்மிங்ஹாம் சிக்ஸ் வெளியே வந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2001-ல்தான் அவர்களுக்கு முழு இழப்பீடு முடிவானது. குழந்தைகள் வளர்ந்து ஆளானதை அவர்கள் சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருந்தார்கள். இழப்பு அவர்களோடு முடியவில்லை. அன்று இரவு இறந்துபோன 21 பேருக்காக அந்த ஆறு பேரைத் தவிர வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை. உண்மையில் குண்டு வைத்தது யார் என்ற கேள்வியோடு அந்தக் குடும்பங்கள் இன்னமும் நீதி கேட்டுக்கொண்டிருக்கின்றன.